அவர் முழங்கைக்கு நான் போட்ட எண்

அவர் ஏழு என்று சொன்னார். நான் ஏன் மூன்று என்று போட்டேன்?

ஒன்றரை வருடமாக இதை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு பதில் கிடைக்கிறது. அடுத்த நாள் பார்த்தால் அது பதிலாக இல்லை, சாக்காக இருக்கிறது. நோயாளிக்காகப் படிவம் நிரப்புகிறவர்கள், டொக்டரிடம் அவருக்குப் பதிலாகப் பேசுகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் அன்ரன் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர். துறைமுகத்தில் வேலை செய்துகொண்டே கழகக் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசினார். அமெரிக்க பேஸ்போல் அணி ஒன்று, வேகமாகப் பந்து எறியக்கூடியவர்களைத் தேடிக் கொழும்பில் இரண்டு நாள் முகாம் வைத்தது. நண்பர்கள் பகிடிக்குத்தான் அவரைக் கூட்டிப்போனார்கள். வேகம் அளக்கும் கருவியின் முன்னால் அவர் ஆறு பந்து எறிந்ததும், மற்றவர்களை உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் தொடர்ந்து எறியச் சொன்னார்களாம்.

கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கையை மடக்கி நிமிர்த்தக் கூடாது. பேஸ்போலில் முழங்கையை மடக்கித்தான் எறிய வேண்டும். சிறு வயதிலிருந்து எதற்காக ஏச்சு வாங்கினாரோ அதையே இருபத்து நான்கு வயதில் ஒரு தொழிலாகப் பழகப் போனார். அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. வெள்ளவத்தையில் அம்மாவின் ஃபிளாட்டில் என்னை விட்டுவிட்டு அரிசோனாவுக்குப் புறப்பட்டார்.

பெரிய அணிகளுக்குக் கீழே பயிற்சி அணிகள் பல அடுக்காக உண்டு. அவர் இருந்தது ஆகக் கீழ் அடுக்கில். ஒரு வீட்டில் ஆறு பேர். டொமினிக்கன் குடியரசிலிருந்து மூவர், வெனிசுவேலாவிலிருந்து இருவர், இவர். ஸ்பானிய மொழி பேசுகிற எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழிபெயர்ப்பாளர். பெரிய ஒப்பந்தத்தில் வந்த ஒரு கொரிய வீரருக்குச் சொந்தமாக ஒருவர். தமிழுக்கு நான்.

வெனிசுவேலாக்காரர் ஒருவரைத் திருப்பி அனுப்பிய அன்று அன்ரன் சொன்னது நினைவிருக்கிறது. "ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்குக் கிடைச்சிட்டுது, சுதா." நானும் சந்தோஷப்பட்டேன். போனவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அங்கே ஒரு முறை இருந்தது. பயிற்சிக்கு முன் ஒவ்வொரு வீரரும் ஃபோனில் ஒரு செயலியை நிரப்ப வேண்டும். எத்தனை மணிநேரம் நித்திரை, தோளில் நோவு எவ்வளவு, முழங்கையில் எவ்வளவு. பூச்சியத்திலிருந்து பத்து வரை. எண்ணைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இரண்டு வரி விளக்கமும் எழுத வேண்டும். ஆங்கிலத்தில், அல்லது ஸ்பானிய மொழியில். அன்ரனுக்கு மைதானத்து ஆங்கிலம் வரும். எழுதுவதென்றால் வியர்க்கும். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வெட்கம். அதனால் தன் கடவுச்சொல்லை எனக்குத் தந்துவிட்டார். அவர் குரல் பதிவு அனுப்புவார், நான் நிரப்புவேன். அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே இரவு ஏழரை. மகளுக்குப் பால் கொடுத்தபடியே ஒரு கையால் எழுதிவிடுவேன்.

ஐந்துக்கு மேல் எண் போனால் சிகிச்சையாளர் கூப்பிட்டுப் பார்ப்பார், அன்றைக்கு எறிய விடமாட்டார் என்று அந்தச் செயலியின் முதல் பக்கத்தில் இருந்தது. நான் வாசித்தேன். அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. மறைத்தேன் என்றில்லை. தேவை வரவில்லை என்று நினைத்தேன்.

மகளுக்கு இரண்டு மாதமாக இருந்தபோது அந்தப் பதிவு வந்தது.

"நித்திரை ஆறு மணித்தியாலம். தோள் ரெண்டு. முழங்கை ஏழு. உள்பக்கம் கத்தி வச்சுக் கீறுற மாதிரி இருக்கு. பிள்ளை பால் குடிச்சாளா?"

நான் மூன்று என்று போட்டேன். விளக்கத்தில் "கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது" என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன்.

முதல் சாக்கு: வாரக் கடைசியில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று அவரே சொல்லியிருந்தார். ஏழு என்று போட்டால் அவரை எறிய விடமாட்டார்கள், எறியாதவரை அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். இது பாதி உண்மை.

இரண்டாவது சாக்கு: பிரசவ அறையில் நான் கத்தியபோது அம்மா என் வாயைப் பொத்தி, "கத்தாதை பிள்ளை, வெளியில ஆக்கள் நிக்கினம்" என்றார். பிறகு தாதி வந்து கேட்டபோது, "பரவாயில்லை மிஸ்" என்றேன். அப்படித்தான் நாங்கள் பழக்கப்பட்டிருக்கிறோம். வெளியாள் கேட்டால் நோவைக் குறைத்துச் சொல்வது மரியாதை. என் கணவருக்கும் அந்த மரியாதையைச் செய்தேன் என்று பல மாதங்கள் நம்பினேன்.

மூன்றாவதை எழுதக் கை கூசுகிறது. எனக்குத் தையல் போட்ட இடம் அப்போதும் ஆறியிருக்கவில்லை. இருந்து எழும்பும்போது கண்ணில் தண்ணீர் வரும். ஒருவரும் என்னிடம் எண் கேட்கவில்லை. அங்கே ஒரு வளர்ந்த ஆளிடம் ஒவ்வொரு காலையும் எங்கே நோகுது, எவ்வளவு நோகுது என்று கேட்கிறார்கள். அவர் ஒரு முழங்கைக்கு ஏழு என்கிறார். ஏழு என்றால் என்னவென்று இவருக்கு என்ன தெரியும் என்று அந்த நொடியில் நினைத்தேன். நினைத்தேனா, அல்லது பிறகு என்னைத் தண்டிக்க நானே சேர்த்துக்கொண்டதா என்பதும் இப்போது சரியாகத் தெரியவில்லை.

நான்கு நாட்கள் அப்படிப் போட்டேன். அவர் சொன்னது ஏழு, ஏழு, எட்டு, ஏழு. நான் போட்டது மூன்று, மூன்று, நான்கு, மூன்று. எட்டு என்றபோது நேர்மையாக ஒன்றைக் கூட்டினேன்.

மூன்றாம் நாள் அவர் கூப்பிட்டார்.

"சுதா, நீ போட்டனீதானே?"

"ஓம், போட்டனான்."

"ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. அப்ப இங்க ஏழு, எட்டெல்லாம் சும்மாபோல. எல்லாரும் இப்பிடி நோவோடதான் எறியிறாங்க. நான்தான் பயந்தாங்கொள்ளி."

"மற்ற ஆக்களும் எறியினம்தானே," என்றேன்.

ஐந்தாம் நாள் காலை மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது ஃபோனில் ஒரு படம் வந்தது. தொட்டில் மாதிரிக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்ட கை. தடித்த துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம், பந்து அவருடைய காலடியிலேயே விழுந்ததாம். தொப்பியை எடுக்கக் குனிந்தபோதுதான் விரல்கள் மூடவில்லை என்று தெரிந்ததாம்.

முழங்கையின் உட்பக்க நார் (மேற்கை எலும்பையும் கீழ்க்கை எலும்பையும் பிணைத்து வைத்திருப்பது) முழுதாக அறுந்திருந்தது. எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடலின் உள்ளே படம் எடுக்கும் சோதனை) செய்து உறுதிப்படுத்தினார்கள். மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தசைநாணை (தசையை எலும்போடு சேர்க்கும் கயிறு போன்றது) வெட்டியெடுத்து, முழங்கை எலும்புகளில் துளை போட்டு அதற்குள் கோர்த்துக் கட்டினார்கள். அந்த நாட்டில் இது எறிகாரர்களுக்கு வழக்கமாகச் செய்கிற சத்திரசிகிச்சை என்றார்கள். பலர் திரும்ப ஆடுகிறார்கள். சிலர் இல்லை.

தனக்கு முன்பே நோ இருந்ததை ஏன் கவனிக்கவில்லை என்று அன்ரன் அங்கே ஒருவரிடமும் கேட்கவில்லை. விசா அணியின் கையில். சண்டைக்காரன் என்று பெயர் எடுத்தால் அனுப்பிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டார். கேட்டிருந்தால் பதிவைத் திறந்து காட்டியிருப்பார்கள். அவருடைய பயத்தால் நான் தப்பினேன்.

பதினோரு மாதம் பயிற்சி செய்தார். மறுபடி எறிந்தபோது பழைய வேகம் வரவில்லை. ஒரு காலை உணவுக்குப் பிறகு அறைக்குள் கூப்பிட்டு, நன்றி சொல்லி, கை குலுக்கினார்களாம். அந்தக் கையைத்தான். அவர் அங்கே தங்கியிருந்த வீட்டுக்கு வந்து பெட்டி அடுக்கும்போதே, அவருடைய சோறு சமைக்கும் சட்டியில் மற்றவர்கள் பீன்ஸ் அவித்துக்கொண்டிருந்தார்கள். "ஒருத்தனும் என்ட முகத்தைப் பாக்கேல்ல சுதா. நான் மட்டும் அண்டைக்கு அந்த வெனிசுவேலாக்காரன்ட முகத்தைப் பாத்தனானா?" என்றார்.

கொழும்புக்கு வந்த அன்று, மகள் அவரைக் கண்டதும் வீரிட்டு அழுதாள். அவளுக்கு அவர் ஃபோனில் இருக்கிற ஆள். தூக்கப் போனவருக்கு வலக்கை நிமிரவில்லை. இடக்கையால் தூக்கினார், அவள் வழுக்கினாள், நான் பறித்தேன். பறித்திருக்கக் கூடாது.

கொட்டாஞ்சேனையில் கழக நண்பர்கள் சும்மா விடவில்லை. "என்ன மச்சான், டொலர் கனமா? கை தொங்குது?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவருடைய அம்மா, என் மாமி, தேநீர்க் கோப்பையை அவருடைய வலக்கைப் பக்கமே வைத்தார். "கிரிக்கெட்டில கையை மடக்கினா நோ போல் குடுப்பாங்க. அங்க போய் மடக்கி மடக்கி இப்ப நிமித்த ஏலாதாம். சரியான விளையாட்டு!" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவதானே? நோகுது எண்டு அவங்களுக்கு விளங்கச் சொல்ல உனக்குத் தெரியேல்லையா?"

"அம்மா, அவளைப் பேசாதீங்க," என்றார் அன்ரன். "அவ ஒவ்வொரு நாளும் போட்டவ. அவங்கதான் கணக்கெடுக்கேல்ல."

மாமி அதற்குப் பிறகு எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினார். குடித்தேன்.

இங்கே எலும்பு டொக்டர் பார்த்துவிட்டு, கட்டிய நார் தளர்ந்திருக்கிறது, உல்நார் நரம்பும் (முழங்கை இடிபட்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அந்த நரம்பு) தழும்புக்குள் சிக்கியிருக்கிறது என்றார். மோதிர விரலும் சின்ன விரலும் அதனால்தான் மரத்திருக்கின்றன. அடுத்த மாதம் மறுபடி சத்திரசிகிச்சை. எறிவதற்காக இல்லை. பொத்தான் போடுவதற்காக.

"பத்துக்கு எத்தினை நோ, அன்ரன்?" என்று டொக்டர் கேட்டார்.

"நம்பர் கேக்காதீங்க டொக்டர். அங்க நாலு நாள் நம்பர் சொன்னனான். வேணுமெண்டா என்ட வைஃபைக் கேளுங்க, அவதான் போட்டவ."

டொக்டர் என்னைப் பார்த்தார். "அப்பிடியா மிஸிஸ்?"

"ஓம் டொக்டர்," என்றேன்.

அன்ரன் வந்த முதல் மாதங்களில் கட்டிலை விட்டு எழும்பவில்லை. உடற்பயிற்சிக்குத் தந்த ரப்பர்ப் பட்டியை மகள்தான் இழுத்து விளையாடினாள். பிறகு, அமெரிக்காவில் வெளிநாட்டு வீரர்களுக்காக வாதாடுகிற ஒரு சட்டத்தரணி, அன்ரனுடைய கதையைக் கேள்விப்பட்டு மின்னஞ்சல் அனுப்பினார். நோ இருந்தது தெரிந்தும் எறிய வைத்திருந்தால் அணி பதில் சொல்ல வேண்டும், வாக்குமூலம் எழுதி அனுப்புங்கள், செயலியின் பதிவுகளை நான் கேட்டு எடுக்கிறேன் என்றார்.

அன்றைக்கு அன்ரன் எழும்பிச் சவரம் செய்தார். இடக்கையால். கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாளும் பயிற்சியைத் தவறவிடவில்லை. "எனக்கு அவங்கட சல்லி வேணாம் சுதா. தெரிஞ்சுதான் எறிய விட்டனாங்கள் எண்டு அவங்க வாயால சொல்ல வேணும். அவ்வளவுதான்." அவரை நிமிர்த்தி வைத்திருப்பது இந்த ஒரு கோபம்தான்.

வாக்குமூலம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வேறு யார் எழுதுவது? அவர் ரப்பர்ப் பட்டியை இழுத்தபடி சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"எழுது. நாலு நாள் சொன்னனான். ஏழு, ஏழு, எட்டு, ஏழு. எட்டை மறந்திடாதை."

எழுதினேன். அந்த நான்கு எண்களையும் முதல் தடவையாக அவர் சொன்னபடியே எழுதினேன்.

இப்போது என் உடம்பைப் பற்றி எனக்கே ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. போன கிழமை பல்லுக்குப் போனேன். நோகுதா என்று கேட்டார்கள். எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும் போலிருந்தது, தலையை ஆட்டினேன். ஆமென்றா இல்லையென்றா ஆட்டினேன் என்று வீட்டுக்கு வந்தும் யோசித்தேன். மகளுக்குக் காய்ச்சல் என்றால் வெப்பமானியை மூன்று தரம் பார்க்கிறேன். டொக்டரிடம் சொல்லிவிட்டு வாசல்வரை போய், திரும்பி வந்து மறுபடி சொல்கிறேன். ஒரு நாள் எவ்வளவு நீளம் என்பதும் மாறிவிட்டது. இரவு ஏழரை மணிக்கு என் நாள் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. அவர் பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இன்றைக்கு என்ன போட வேண்டும் என்று மனம் கேட்கும்.

வாக்குமூலம் இன்னும் போகவில்லை. இணைய இணைப்பில் கோளாறு என்று மூன்று நாட்களாகச் சொல்கிறேன். சட்டத்தரணி பதிவுகளைக் கேட்டு எழுதிவிட்டார். அவை சத்திரசிகிச்சைக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். வந்தால் அதை வாசித்து அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியவளும் நான்தான். இன்னொரு முறை மாற்றிச் சொல்ல என்னால் முடியும். அதுதான் எனக்குப் பயம்.

உங்களில் யாராவது இப்படிச் செய்திருக்கலாம். அப்பாவின் மாத்திரைக் கணக்கைக் கூட்டிச் சொன்னவர்கள், மனைவியின் நோவைக் குறைத்துச் சொன்னவர்கள், டொக்டர் சொன்னதில் பாதியை விழுங்கியவர்கள். அதை அவர்களிடம் நீங்கள் சொன்னீர்களா? சத்திரசிகிச்சைக்கு முன்பா, பிறகா? இருந்துகொண்டா, நின்றுகொண்டா? பிள்ளையை வேறு அறையில் விட்டீர்களா? என்னில் பிழையில்லை என்று தயவுசெய்து எழுத வேண்டாம். நீங்கள் சொன்ன முதல் வசனம் எது, அதை மட்டும் எனக்கு எழுதுங்கள். இரண்டாவது வசனத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.