பதினொரு மணிச் சங்கு

தேசத்தந்தையைப் பற்றி எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிற ஆள். தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். அவர் சுடப்பட்ட நாள் ஒவ்வொரு வருடமும் வரும்போது எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வருகிறது.

அரியலூர் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. ஷிப்ட் மாறும்போது ஆலைச் சங்கு ஊதும். மற்ற நேரத்தில் ஊதினால் குவாரியில் விபத்து என்று அர்த்தம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்படி ஊதிய ஒரு நாளில்தான் என் தாய்மாமன், அம்மாவின் ஒரே தம்பி, பாறை சரிந்து செத்துப்போனாராம்.

நான் மூன்றாவது படிக்கும்போது, தேசத்தந்தை சுடப்பட்ட நாளன்று பதினொரு மணிக்குச் சங்கு ஊதும், இரண்டு நிமிடம் ஊரே பேசாமல் நிற்க வேண்டும் என்று முதல் முறையாக ஏற்பாடு செய்திருந்தார்கள். எங்களை ரோட்டோரம் வரிசையாக நிறுத்திய பெரிய சார், யாராவது வாயைத் திறந்தால் அது தலைவருக்குச் செய்கிற அவமரியாதை என்று சொல்லியிருந்தார்.

எதிர்க் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

சங்கு ஊதியதும் அம்மா ஓடிவந்தாள். மடியில் கட்டியிருந்த பருத்தி வழியெல்லாம் சிந்தியது. முதலில் டீக்கடைக்காரரிடம் போனாள்.

"அண்ணே, குவாரியில யாருக்கு என்னாச்சு? எங்க வூட்டுக்காரரு முத ஷிப்டுண்ணே!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் ஒருவர். அம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். எல்லோரும் கீழே பார்த்தார்கள்.

கடைசியில் வரிசையில் நின்ற என்னிடம் வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாப்பா, அப்பாவுக்கு என்னடி ஆச்சு?"

நான் உதட்டை இறுக்க மூடிக்கொண்டேன். அவள் பிடித்த பிடியில் தோள் வலித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

இரண்டு நிமிடம் முடிந்து மறுபடி சங்கு ஊதியது. டீக்கடைக்காரர் ஓடிவந்தார்.

"ஐயோ தங்கச்சி, ஒண்ணுமில்ல. ஒன் புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். இன்னிக்கு நம்ம தலைவர சுட்ட நாளு, அதுக்குத்தான்."

"எப்ப சுட்டாங்க?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி."

"அதுக்கா இப்ப ஊதுனீங்க?" என்றாள் அம்மா. அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள். நிறுத்தவே முடியவில்லை.

வரிசையின் அந்தக் கடைசியில் நின்ற பெரிய சாருக்கு இந்தப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. அழுகையை மட்டும் பார்த்தார். பள்ளிக்கூடத்து வாசலே மிதிக்காத ஒரு தாய் தேசத்தந்தைக்காக எப்படி அழுகிறாள் பாருங்கள் என்று எங்களிடம் சொன்னார். பிள்ளைகள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை. நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான் நான். ஆனாலும் சார் சொன்னால் அதுதான் சரி என்று நினைக்கிற வயது.

சாயங்காலம் அப்பா உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னடி, என்னைய உசுரோட கருமாதி பண்ணிட்டியாமே? குவாரியே சிரிக்குது."

அம்மா சிரிக்கவில்லை. "நாளைக்குப் போவாதீங்க. அந்த வேலையே வாணாம்."

"போவாம? மூணு பேரும் மண்ணத் திங்கறதா?"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தலைவருக்காக அத்தனை பேர் முன்னால் அழுதவள் அப்பாவிடம் ஏன் இப்படிக் கோபித்துக்கொள்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அம்மா அடுப்பு பற்றவைக்கவில்லை. அப்பா வெறும் வயிற்றோடு குவாரிக்குப் போனார்.