பத்தொன்பதாவது மண்

அலுவலகத்தில் அவளை மின்னலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நடை என்னவோ ஆமை நடை. பெயர் வேலையால் வந்தது. மின்னல் தரையில் விழுந்தால் பக்கத்துக் கேபிள்களில் எவ்வளவு மின்னழுத்தம் எழும் என்று கணினியில் கணக்குப் போடுவது அவள் வேலை. மின்சாரத்தை எளிதில் கடத்தாத மண்ணாக இருந்துவிட்டால் அந்தக் கணக்கு ஆளைக் கொன்றுவிடும். மேலும் கீழும் ஆடி, அடங்கவே அடங்காது; ஒரு தடவை ஓட்ட நான்கு நாள் பிடிக்கும். மூன்று வருடம் அதோடு மல்லுக்கட்டினாள். எங்கே பொடி நடையாகப் போக வேண்டும், எங்கே தாவிவிடலாம் என்று கண்டுபிடித்து நான்கு நாளை இருபது நிமிடமாக்கினாள். விடை இம்மியும் பிசகவில்லை.

அந்த வேகம்தான் வினையாயிற்று.

ஊருக்கு வெளியே ஓர் எரிபொருள் கிடங்கு. தொட்டியின் எண்ணெய் மட்டத்தைக் காட்டும் கருவிக்கு நீளமாக ஒரு கேபிள் போகிறது. மின்னலை அது தாங்குமா என்று கிடங்கிலிருந்து கேட்டிருந்தார்கள். அவளே போய் மண்ணை அளந்து வந்தாள்: காய்ந்த பாறை மண். தாங்காது என்று விடை வந்தது. ஆனால் அந்தக் கேபிளைப் பதித்துக் கொடுத்ததே அவள் வேலை பார்க்கும் நிறுவனம்தான்.

பிரிவுத் தலைவர் காலையிலேயே நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கணக்கில் மண்ணைக் கொஞ்சம் ஈரமாக்கிப் பார்க்கலாமே என்றார்; ஈர மண்ணென்றால் மின்னழுத்தம் குறையும். பிறகு, இன்னும் கொஞ்சம் என்றார். அவர் தின்ற பிஸ்கட் தூள் அவள் விசைப்பலகையில் உதிர்ந்தது. எச்சில் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் அவள் திரையைத் துடைத்தாள். சாயங்காலம் பத்தொன்பதாவது ஓட்டத்தில், பாறை மண் சேற்று வயலாகியிருந்தபோது, விடை கேபிள் தாங்கும் எல்லைக்குள் அடங்கியது.

"இதையே அறிக்கையில போட்டுடுங்கம்மா. கணக்கு பொய் சொல்லாதுல்ல?" என்று சிரித்தார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. பேருந்து ஓட்டும் கணவன், கணக்கு தப்பாகிவிட்டதா என்று கேட்டான்.

"கணக்கு சரிங்க. ஒரே நாள்ல பத்தொன்பது தடவை மண்ணை மாத்தி மாத்தி ஓட்ட வச்சார் தலைவர். ஒரு தடவைக்கு நாலு நாள் ஆனப்போ அந்த ஆளுக்குப் பொய் சொல்ல நேரமில்ல. அந்த நேரத்தை நான்தான் சம்பாதிச்சுக் கொடுத்திருக்கேன். நினைச்சாலே அருவருப்பா இருக்கு."

"பத்தொன்பது விடையும் உன்கிட்டதானே இருக்கு?" என்றான் அவன்.

மறுநாள் பத்தொன்பது விடைகளையும் அதனதன் மண்ணோடு அட்டவணையாக்கினாள். முதல் வரியில் 'அளந்தது' என்றும் மற்ற பதினெட்டிலும் 'அளக்காதது' என்றும் எழுதிக் கையெழுத்திட்டு, கிடங்கு மேலாளருக்கு நேரடியாக அனுப்பிவிட்டாள். தலைவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். சோற்றில் விழுந்த ஈயைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே மாதத்தில், நிறுவனத்தின் செலவிலேயே, அந்தக் கேபிள் மின்னலிலிருந்து காக்கும் இரும்புக் குழாய்க்குள் போனது. ஆனால் ஆண்டு இறுதியில், அந்த வேகமான முறைக்கென்று கேடயம் வாங்கியவர் தலைவர்தான். எல்லோரும் கைதட்ட, அவள் கைகள் மடியிலேயே கிடந்தன.

இப்போது மண் அளக்கும் பிரிவில் இருக்கிறாள். கேட்டு வாங்கிய மாற்றம். கணக்கில் சந்தேகம் கேட்டு யார் அழைத்தாலும் பொறுமையாகச் சொல்லித் தருகிறாள். தலைவர் அழைத்தால் மட்டும், அவராகப் பேசி ஓயும்வரை போனை மேசைமேல் கிடத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள்.