மேல்தாளில் பேரு, அடித்தாளில் சீலு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை எல்லாம் கிடையாது. நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் 'நான்தான் இன்னார்' என்று பொய் சொல்லிக்கொண்டு யாராவது நுழைய முடியுமா என்று சோதித்துப் பார்ப்பது என் தொழில். யார் என்ன பேர் சொன்னாலும் நம்பாதே, சீலைப் பார், அது நிஜ சீல்தானா என்று பார், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை. என் வீட்டுக்காரர் காய் வாங்கப் போகிறேன் என்று சொன்னால்கூடப் பையைக் காட்டுங்கள் என்று கேட்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

நான் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். எங்கள் தெருவில் எல்லோரும் என்னைக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பொம்பளை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், விளக்கிச் சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டேன். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி மில்லில் இருந்து கூப்பிட்டார்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குத் துணி அனுப்புகிறவர்கள், உங்கள் கம்ப்யூட்டர் பத்திரமாக இருக்கிறது என்று வெளியாள் ஒருவர் சோதித்து எழுதித் தந்தால்தான் அடுத்த ஆர்டர் என்று வாங்குகிறவன் சொல்லிவிட்டானாம். இரண்டு நாள் வேலை, பஸ் ஏறிப் போனேன்.

அந்த மில்லில் எல்லாவற்றுக்கும் ஒரே லாகின். காலையில் ஒருமுறை பேரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் சர்வர் ஒரு சீட்டு எழுதி, சீல் வைத்துக் கொடுத்துவிடும். சீட்டு என்றால் காகிதம் இல்லை, கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற எழுத்துதான். அதைக் காட்டினால் வருகைப்பதிவு, ஸ்டோர், கேட் பாஸ், லீவு எல்லாம் திறக்கும், மறுபடி பாஸ்வேர்டு கேட்காது. சீட்டில் இருக்கிற பேரை யாராவது மாற்றினால் சீல் பொருந்தாமல் போய்விடும், உள்ளே விடக்கூடாது. விடுகிறதா இல்லையா என்று பார்க்கத்தான் நான்.

இதையெல்லாம் கட்டியவர் அங்கே கம்ப்யூட்டர் பொறுப்பில் இருந்த அந்தோணி அண்ணாச்சி. சர்வருக்கு ஆயுதபூஜையில் வைத்த சந்தனம் குங்குமம், அதற்கு மேலே மாதா படம், பக்கவாட்டில் 786 ஸ்டிக்கர். "மூணு பேரும் காவல் இருக்காங்க மேடம், அதுக்கு மேல நான் இருக்கேன், ஒரு ஈ எறும்பு நுழைய முடியாது" என்றார். இப்படிச் சொல்கிறவர்களின் சிஸ்டத்தில்தான் யானையே நுழையும், அது என் அனுபவம்.

ஆனால் முதல் நாள் முழுக்க நான் தோற்றுப்போனேன். எனக்கென்று கொடுத்த சோதனை லாகினில் நுழைந்து, சீட்டைப் பிடித்து, பேரை மாற்றி அனுப்பினேன், விடவில்லை. சீலைக் கிழித்துவிட்டு அனுப்பினேன், விடவில்லை. நானே ஒரு போலி சீல் செய்து குத்தி அனுப்பினேன், அதுவும் இல்லை. அந்தோணி அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். முத்துச்செல்வி என்று பேர், மம்சாபுரம், அந்த மில்லில் வருகைப்பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் கிளார்க். பதினோரு நாளாக சஸ்பெண்டாம். அவள் லீவு போட்டுவிட்டுக் கூமாப்பட்டியில் அக்கா பிள்ளை காதுகுத்துக்குப் போயிருந்த அன்றைக்கு, அவள் பேரில் கேட் பாஸ் போட்டு, இன்னும் கிருமி நீக்காத பேண்டேஜ் கட்டுகள் வெளியே போய், ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்திருக்கிறது. உன் பாஸ்வேர்டை யாரிடம் கொடுத்தாய், எதற்குக் கொடுத்தாய் என்று தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மறுநாள் மூணு மணிக்குக் கடைசி விசாரணை.

"வேல போனாக்கூடப் போவுதுக்கா, கள்ளின்னு பேரு வாங்கிட்டு ஊருக்குள்ள எப்படி நடப்பேன்? நீங்க சொன்னா அவிய கேப்பாவ. என் பேர்ல வேற ஆளு நொழைய முடியும்னு மட்டும் சொல்லுங்கக்கா" என்றாள்.

முடியாது என்றுதானே இப்போது என் நோட்டில் இருக்கிறது. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ராத்திரி சோறு இறங்கவில்லை. என் ரிப்போர்ட்டே அந்தப் பிள்ளைக்கு எதிரான சாட்சியாகப் போகிறது என்று நினைத்தால் எப்படி இறங்கும்?

இரண்டாம் நாள் அந்த ஊருக்கு மாதாந்திர மின்தடை. காலையில் ஜெனரேட்டர் ஓடியது, பன்னிரண்டரைக்கு அதுவும் இருமி இருமி நின்றுவிட்டது. சர்வர் ரூம் பேட்டரி செத்து ஒரு வருடமாம், புதுசு கேட்டு எழுதியிருக்கிறாராம். அந்தோணி அண்ணாச்சி எலக்ட்ரீசியனைத் திட்டுவதற்காகக் கீழே போனார். மில் ஓடாமல் நின்று கேட்டிருக்கிறீர்களா? காதுக்குள் யாரோ பஞ்சை அடைத்த மாதிரி ஆகிவிடும். சர்வரில் ஒரு விளக்கு இல்லை. நான் மட்டும் என் லேப்டாப் பேட்டரியில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, எலுமிச்சை சாதத்தில் கை வைத்தேன்.

டொக், டொக்.

தரையில் கம்பு தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு. எலக்ட்ரீசியன் என்று நினைத்தேன். வந்தது நாய். கேட்டில் எப்போதும் படுத்துக்கிடக்கிற மணி, வெள்ளை ராஜபாளையம் நாய், மூக்கு மட்டும் ரோஸ் கலர். அதற்குக் காது கேட்காது, அந்த வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு அப்படி உண்டு. முதலாளியே காரை விட்டு இறங்கினாலும் எழுந்திருக்காது என்று முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்கள். அது மாடிப்படி ஏறி, ரூமுக்குள் வந்து, என் சாதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பக்கத்தில் கிடந்த காலி பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு வாலை ஆட்டியது. யாரோ உட்கார்ந்திருக்கிற மடியில் வைக்கிற மாதிரி. சாதம் வேண்டாமா என்று நானும் மரியாதைக்குக் கேட்டேன்.

அப்போதுதான் என் ஸ்கிரீனில் ஒரு வரி விழுந்தது. என் லேப்டாப் வழியாகப் போகிற ஒவ்வொரு சீட்டையும் பிடித்துக் காட்டுகிற சாப்ட்வேர் ஒன்றை ஓடவிட்டிருந்தேன், அதில்தான். நேரம் பன்னிரண்டு நாற்பத்திரண்டு. நான் எதையும் அனுப்பவில்லை, என் கையில் எலுமிச்சை சாதம் இருக்கிறது. சர்வர் செத்துக் கிடக்கிறது. நம்பினால் நம்புங்கள், கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன், வரி அப்படியே நிற்கிறது. "அண்ணாச்சி, விளையாடாதீங்க!" என்று கத்தினேன். நாய் வாலை ஆட்டியது, என்னைப் பார்த்து இல்லை.

சாதக் கையோடு திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுக்கு இரண்டு சீட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின் குத்தின மாதிரி. மேலே இருந்ததில் பேர் முத்துச்செல்வி, சீல் காலாவதி. அடியில் இருந்ததில் பேர் பொன்னுச்சாமி, வேலை செய்யும் இடம் கேட், அதில் பளிச்சென்று சீல். சீல் நிஜமா என்று பார்க்க என்னிடம் ஒரு சின்ன சோதனை இருக்கிறது, அதில் போட்டேன். 'செல்லும்' என்று வந்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. மின்விசிறி ஓடாததால் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தோணி அண்ணாச்சி டீ கிளாஸோடு வந்தார்.

"பொன்னுச்சாமிங்கிறது யாரு அண்ணாச்சி?"

"கேட்டு வாட்ச்மேன் பொன்னுச்சாமியா? அவரு செத்து நாலு வருஷம் ஆச்சே மேடம். இந்த சிஸ்டம் ஓட ஆரம்பிக்கும் முன்னாடியே போயிட்டாரு, அவருக்கு லாகினே கெடையாது" என்றவர், ஸ்கிரீனைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். டீ கிளாஸை மேஜையில் வைத்தார். "அது அவரு நாய். காது கேக்காதுன்னு கம்ப தரையில ரெண்டு தட்டு தட்டுவாரு, தரை அதிர்றது தெரிஞ்சு ஓடியாரும். அவரு போன பொறவு அது ஒருத்தருக்கும் எந்திரிச்சதில்ல."

நான் என் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அண்ணாச்சிக்கு வேறு கவலை. "மேடம், செத்த ஆளு லாகின் பண்ணுனான்னு மட்டும் ரிப்போர்ட்ல எழுதிராதீக. ஆடிட்ல கேள்வி கேட்டே கொன்னுருவானுவ."

"அத விடுங்க. சீட்டு ரெண்டு இருந்தா உங்க புரோகிராம் எதைப் பாக்கும்?"

"மேல்தாள்ல பேரு, அடித்தாள்ல சீலு" என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். "கேட்டுல அப்படித்தான மேடம் பழக்கம்? மூணு நாலு தாள ஒண்ணாப் பின் குத்திக் கொண்டாருவாவ. பொன்னுச்சாமி முதல் தாள்ல பேரப் படிச்சிட்டு, பெருவிரல்ல பெரட்டி கடைசித் தாள்ல சீலு இருக்கான்னு பாத்து விட்ருவாரு. நான் எழுதும்போது அவருகிட்டதான் கேட்டேன். அவரு சொன்னத அப்படியே எழுதுனேன்."

கதை இவ்வளவுதான். ஒரு கம்ப்யூட்டரில் ஒருத்தர் லாகினை மூடாமல் வீட்டுக்குப் போய், மறுநாள் அதிலேயே இன்னொருத்தர் உட்கார்ந்தால், பழைய சீட்டின் அடியில் புது சீட்டு சேர்ந்துகொள்ளும். பேர் பழையவருடையது, சீல் புதியவருடையது. இரண்டும் ஒரே ஆளுடையதா என்று யாரும் பார்க்கவே இல்லை. நான் நேற்று முழுக்க ஒற்றைச் சீட்டையே கசக்கிக்கொண்டிருந்தேன் பாருங்கள், மடச்சி.

கரண்ட் இரண்டரைக்கு வந்தது. மூணு மணிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு விசாரணை ரூமுக்குள் நானே நுழைந்தேன். மேனேஜர் இருந்தார், ஸ்டோர் சூப்பர்வைசர் கருப்பையா இருந்தார், ஓரமாக முத்துச்செல்வி நின்றுகொண்டிருந்தாள், உட்கார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. "சார், ரெண்டு நிமிஷம் உங்க ஸ்கிரீனப் பாருங்க" என்றேன். என் சோதனைச் சீட்டுக்கு மேலே மேனேஜர் பேரில் ஒரு சீட்டை வைத்து அனுப்பி, மூன்று நாள் லீவு கேட்டேன், காரணம் வயிற்றுப்போக்கு. மேனேஜர் லீவை மேனேஜர்தான் அனுமதிக்க வேண்டும், அதையும் நானே செய்தேன்.

"என்னம்மா இது, எனக்கு லீவு போட்ருக்க!"

"நான் போடல சார். சிஸ்டம் நீங்க போட்டதாத்தான் சொல்லுது. உங்க பாஸ்வேர்ட யார்கிட்ட குடுத்தீங்க? எதுக்குக் குடுத்தீங்க?"

அந்தக் கேள்வியைப் பதினோரு நாளாக வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கேட் பாஸ் போட்ட அன்றைக்கு இவளுடைய டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் யார் உட்கார்ந்தது என்று நான் கேட்டதும் கருப்பையா செருமினார்.

"எனக்கு பிரிண்டர் ஓடல சார்... அதான் அங்க போயி, என் பேர்லதான் கேட் பாஸ் போட்டேன். செல்வி பேர்ல எப்படி விழுந்துச்சுன்னு தெரியல. கட்டு திரும்பி வந்ததும் பயந்துட்டேன்."

"ஏண்ணே, பதினோரு நாளா என்னைப் பாத்துக்கிட்டே இருந்தியளே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று முத்துச்செல்வி வெடித்து அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். மறுநாளே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, நாற்காலியை மட்டும் இழுத்துப்போட்டார்.

கீழே இறங்கி வரும்போது அந்தோணி அண்ணாச்சி கேட்டில் நின்றிருந்தார். "பொன்னுச்சாமி சொல்லிக் குடுத்த மொறையால அந்தப் புள்ளைக்கு இப்படி ஆயிப்போச்சுன்னு அவருக்கே பொறுக்கல போல மேடம்" என்றார். வெயில் அண்ணாச்சி, தண்ணி குடிங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஓட்டையை அடைத்துவிட்டோம் என்று மறுபடி சோதிக்கக் கூப்பிட்டார்கள். கேட்டில் என்னைப் பார்த்ததும் மணி எழுந்து நின்றது. என் பின்னாலேயே மாடி ஏறி வந்து, அதே பிளாஸ்டிக் நாற்காலியில் தாடையை வைத்துக்கொண்டது. அண்ணாச்சி நல்லபடியாகத்தான் திருத்தியிருந்தார். இரட்டைச் சீட்டு, மூன்று சீட்டு, எதை எப்படிக் கோர்த்து அனுப்பினாலும் விரட்டிவிட்டது. எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அந்தப் பன்னிரண்டு நாற்பத்திரண்டு சீட்டு இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்து, இந்தத் தடவையாவது போலி என்று வந்துவிடாதா என்று சோதித்துப் பார்க்கிறேன், செல்லும் என்றே வருகிறது. அந்த சீலை வைக்கிற ரகசியச் சாவி எண், அன்றைக்கு அணைந்து கிடந்த சர்வருக்குள் மட்டும்தான் உண்டு. அந்த மில் சீட்டு ஒவ்வொன்றிலும் ஷிஃப்ட் தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டும் இருக்கும், முடிந்ததும் சீட்டு செல்லாது. பொன்னுச்சாமி சீட்டில் தொடங்கும் நேரம் இருக்கிறது. முடியும் நேரம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

புது சிஸ்டத்தில் எல்லாப் போலியையும் போட்டுப் பார்த்த நான் அந்த ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. பட்டன் மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன், நாய் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே விடவில்லை என்றால் அந்த மனுஷனுக்குச் சங்கடம். விட்டுவிட்டால் எனக்கு.