தண்ணீர்மலை வழியாக ஒரு பாஞ்சோ

பாஞ்சோ வாசிக்கிறவனுக்குப் பாதி வேலை வாசிப்பது. மீதி வேலை அது என்ன சாமான் என்று சொல்லிக்கொண்டே இருப்பது. பக்கத்து மேசையில் கரண்டி விழும் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிற கூட்டம், நம் வாசிப்புக்குத் திரும்பாது. இப்படி எங்கேயாவது வாசித்து நொந்து போனவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை கடல் தாண்டிப் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை மெஷின் பார்க்கிறேன். சனி ஞாயிறு மதியம், லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் ஜமால் பாய் நடத்தும் காப்பிக் கடையில் அமெரிக்க நாட்டுப்புற இசை வாசிக்கிறேன். சும்மா உட்கார எனக்கு வராது. ஃபெர்ரியில் நின்றால்கூட விரல் ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டேயிருக்கும்.

எது பாதி, எது மீதி

முதல் நாள். முன்வரிசையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் என் மடியையே முறைத்தார். நான் உற்சாகமாகிவிட்டேன். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு போகப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி, தந்தி இழுத்து வாசித்தது, அவர்களிடமிருந்து மலைப்பக்கத்து ஏழை வெள்ளைக்காரர்கள் கற்றுக்கொண்டது என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் பொறுமையாகக் கை துடைத்துக்கொண்டு சொன்னார்: “எல்லாம் சரி தம்பி, இதுல பாதி மேளம், பாதி கித்தார். ஏதாச்சும் ஒண்ண முடிவு பண்ணி வாங்கியிருக்கலாம்லா?”

துடைப்பக் கம்பி

வெறும் வாசிப்பு எடுபடவில்லை. அதனால் பாட்டுக்கு நடுவே, அந்த ஊர்க் கலைஞர்கள் எப்படி ஆரம்பித்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். ரயில்பாதைக் கூலிகள் சுத்தியல் அடிக்கும் தாளத்தைப் பிடித்துக்கொண்டவர். பார்வையில்லாமல், தெருப்பாடகரின் குரலுக்குப் பின்னாலேயே நடந்து பாட்டுப் படித்தவர். கித்தார் வாங்க வழியில்லாமல் துடைப்பத்தில் சுற்றியிருந்த கம்பியை உருவி, சுவரில் ஆணியடித்துக் கட்டி, பாட்டிலால் தேய்த்து வாசித்தவர். கடை அமைதியாகிவிட்டது. ஆகா, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுவாரம், மசாலாக் கடையில் வேலை செய்யும் மல்லிகா அக்கா நேராக என்னிடம் வந்தார். “உன் கதையக் கேட்டுட்டு எங்க வீட்டுக்காரரு சமையக்கட்டு சுவத்துல ரெண்டு ஆணி அடிச்சிட்டாரு. அது வாடகை வீடுலா தம்பி!”

கப்பல்காரர் கொடுத்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ கேட்டார்கள், “நீங்க யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?” என்று. நான் சொன்ன அத்தனை பேர் கதையிலும் ஒரு கூலியோ தெருப்பாடகரோ துடைப்பமோ இருக்கிறது. என் கதையில் தொழிற்சாலை கேண்டீனும் கைப்பேசியும்தான் இருந்தன. காணொளியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துக் கற்றது. இந்தப் பாஞ்சோ வந்தது அட்டைப்பெட்டியில். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வாய் தானாக உளறியது: என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், ஓர் அமெரிக்கக் கப்பல்காரர் அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்து, கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜமால் பாய் வாசல் பலகையில் தாத்தாவைப் பற்றி நாலு வரி எழுதி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “தம்பி, தாத்தாவ ரெண்டு நாளும் சொல்லுலா. சனம் எந்திரிக்கவே மாட்டேங்குது.”

ஒரு பக்கம்

அப்போதுதான் கைப்பேசியில் ஒரு படிவம் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் ஒரு மலையூரில் இரண்டு வாரம், பழைய பாட்டுக்காரர்களோடேயே தங்கிக் கற்றுக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து ஒரே ஓர் ஆள். போக்குவரத்து அவர்கள் பொறுப்பு. எனக்கு முப்பத்தெட்டு வயது. இனி இப்படி ஒன்று என் வாசலுக்கு வராது. இரண்டு பாட்டுப் பதிவு கேட்டார்கள். கூடவே ஒரு பக்கம்: சின்ன வயதில் உங்களை உருவாக்கிய இசை எது?

ஒரு வாரம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பாட்டுப் பதிவும் சரிப்படவில்லை. என் வலது கையில் ஒரு பழுது இருக்கிறது. கடைசி அடி ஒரு நொடி தயங்கித்தான் விழும். எத்தனை வருடம் திருத்தியும் போகவில்லை. கடைசியில் கப்பல்காரர் கதையையே எழுதி, மனைவி சுமதியிடம் நீட்டினேன்.

படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “உங்க தாத்தா நிபோங் திபால் தோட்டத்துல ரப்பர் வெட்டுனாரு. அவரு பார்த்த ஒரே கப்பல் ஃபெர்ரிதான்.”

குமரேசனின் காது

அடுத்த சனிக்கிழமை, என்னோடு பிறையில் வேலை செய்யும் குமரேசன் கடைக்கு வந்து, வாசல் பலகையைப் படித்துவிட்டு உட்கார்ந்தான். ஒரு காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே உறுமி மேளக் குழு. தைப்பூசத்துக்குக் காவடிகளுக்கு முன்னால் தண்ணீர்மலைக் கோயில் வரை அடித்துக்கொண்டே போவோம். சுமதியைப் பெண் பார்க்கப் போனபோது, உறுமிக் குழு என்றாலே ரவுடிக் கூட்டம் என்று அவள் அப்பா சொல்கிறார் எனக் கேள்விப்பட்டு, மேளத்தை விட்டுவிட்டு, குழுப் படங்களையெல்லாம் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். பத்து வருடமாக அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நான் வாசிக்க, குமரேசன் மீ கோரெங் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டான். எனக்குப் புரியவில்லை. அவன் என் கடைசி அடியை மேசையில் தட்டிக் காட்டினான். காவடி தூக்குகிறவர் அடுத்த கால் எடுத்து வைக்கிற வரைக்கும் நாங்கள் கடைசி அடியைப் பிடித்து வைத்துக்கொள்வோம். அவர் கால் ஊன்றும்போதுதான் கை இறங்கும். அந்தக் கைதான் இது. வருடக்கணக்காகப் பழுது என்று நான் திட்டிக்கொண்டிருந்தது இதைத்தான்.

குமரேசன் கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்: “டேய், எந்த ஊரு கப்பல்டா? இது நம்ம தைப்பூச அடிலா!”

பலகை

மறுநாள் மைக்கைப் பிடித்துத் தாத்தா கதை பொய் என்று சொல்லிவிட்டேன். ஜமால் பாய் வெளியே போய்ப் பலகையை அழித்தார். அப்புறம் நான் உறுமியைப் பற்றிச் சொல்லி, அந்தத் தயங்கும் அடியோடேயே வாசித்தேன். யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. ஆனால் பின்வரிசையில் நாலைந்து கால்கள் ஆடின.

மல்லிகா அக்காவுக்குத்தான் ஆறவில்லை. “தாத்தா பொய்யி, சரி. துடைப்பக் கம்பியாச்சும் நெசமா? எங்க சுவத்துல ஆணி இன்னும் இருக்குலா!”

காப்பி டம்ளர்

அன்று சாயங்காலமே படிவத்துக்கு எழுதிய பக்கத்தைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன். உறுமி, தண்ணீர்மலை, குமரேசன், பூட்டிய பெட்டி, எல்லாம். இரண்டு பாட்டையும் அந்தத் தயங்கும் அடியோடேயே பதிந்தேன். அனுப்புவதற்கு முன்னால் சுமதி படிக்க வேண்டும். மாமனார் என்ன சொல்வார் என்பதைவிட, பத்து வருடம் மறைத்ததற்கு இவள் என்ன சொல்வாளோ என்றுதான் யோசனை. அவள் படித்து முடிக்கிற வரைக்கும் நான் கூடத்தை எத்தனை தடவை சுற்றினேன் என்று தெரியாது.

தாளை மடித்து என் கையில் வைத்தாள். “எனக்கு அன்னிக்கே தெரியும். பொண்ணு பார்க்க வந்த எடத்துல காப்பி டம்ளர்ல தைப்பூசமே நடத்துனீங்க. அப்பாவுக்குக் கேட்டுடப் போகுதேன்னு நான்தான் டிவி சத்தத்தக் கூட்டி வெச்சேன்.”

பிறகு பதில் வந்தது, இடம் கிடைத்துவிட்டது. அமெரிக்க மலைக்குப் போவதற்கு, முதலில் தண்ணீர்மலைக்குப் போன கதையை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.