அம்மாவுக்குப் போட்ட காவல்

என் அண்ணன் தற்கொலை செய்துகொண்ட பிறகு எங்கள் லயமே, அந்த வரிசை வீடுகள் அத்தனையும், அம்மாவுக்குக் காவல் இருந்தது. எழுபதுகளின் கடைசி, காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டம். "பெத்த வயிறு, எந்த நேரம் என்னா செய்யுமோ" என்று பெண்கள் தங்களுக்குள் முறை போட்டுக்கொண்டார்கள். அதில் எனக்கு ஒரு வேளைகூடக் கிடையாது. பெற்ற மகள் நான், ஈப்போ தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு வந்து குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேன்!

காவலுக்குத் தலைவி பக்கத்து வீட்டுச் சின்னம்மா. அம்மா கொல்லைக் கக்கூசுக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நிற்பார்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்."

கொஞ்ச நேரம்கூடப் பொறுக்க மாட்டார். "அக்கா?"

"அடிப் போடி! இங்கயாச்சும் நிம்மதியா விடுலா!"

அண்ணன் ஏன் அப்படிச் செய்தான் என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்போது எல்லார் மேலும் கோபம், அவன் மேல்தான் அதிகம். அம்மாவைச் சுற்றி எந்நேரமும் கோப்பியும் பிஸ்கட்டும் ஆறுதலும். அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாளே அவர் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போய்விட்டார். "ஆம்பள, தாங்கிக்குவாரு" என்றார்கள்.

ஒரு சாயங்காலம் அம்மா கூரை இடுக்கைப் பார்த்தார். அங்கே செருகியிருந்த அண்ணனின் தூண்டிலைக் காணோம்.

"உங்கப்பா எங்கடி?"

"ஈயக்குட்டைப் பக்கம் போனாரு." ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று ஆழமாகிக் கிடக்கும் குட்டை அது.

"மீனு புடிக்கத் தெரியாத மனுஷனுக்குத் தூண்டி எதுக்கு?"

சொல்லிக்கொண்டே ஓடினார். எதற்கு ஓடுகிறார் என்று தெரியாமல் சின்னம்மா அலறிக்கொண்டு துரத்தினார். "ஐயோ, குட்டைக்குப் போறாங்க, புடிங்கலா!" குளித்துக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு, மாவு பிசைந்தவர் மாவுக் கையோடு, லயமே ஓடியது. நாய்களுக்கு ஒரே கொண்டாட்டம். சின்னம்மா வழுக்கி விழ, அவர் மேல் நான் விழுந்தேன்.

அப்பா கரையில் உட்கார்ந்திருந்தார். தூண்டிலில் புழுகூடக் குத்தவில்லை.

"என்னா, தோட்டமே வந்திருக்கு? இருந்த ஒத்த மீனும் ஓடியிருக்கும்."

அம்மா மூச்சிரைக்க அவர் சட்டையைப் பிடித்தார். "எதுக்குய்யா இங்க வந்த?"

"அழுவத்தான்."

"அத வீட்டுல அழுதா என்னா?"

"எங்கடி எடம் இருக்கு? ஒன்னச் சுத்தி ஊரே உக்காந்திருக்கு."

அம்மா திரும்பிக் காவல்காரர்களைப் பார்த்தார். மாவுக் கை, சோப்பு நுரை, சேறு பூசிய சின்னம்மா. சிரித்துவிட்டார். மகன் போன பிறகு முதல் சிரிப்பு. அது பாதியிலேயே அழுகையாக மாறியது. அப்பாவும் அழுதார். எங்கள் எல்லார் முன்னாலும், சத்தமாக.

மறுநாளிலிருந்து அப்பாவுக்கும் காவல். ஆண்களுக்கு ஆறுதல் சொல்ல எங்கே தெரியும்? ஆளுக்கொரு தூண்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மழை, பந்தாட்டம், புழு. பேச்சு அதைத் தாண்டவே இல்லை. நான் கோப்பி கொண்டு போன ஒரு நாள், பேச ஒன்றும் கிடைக்காமல் கங்காணி கேட்டுத் தொலைத்தார்.

"மவன் எந்த எடத்துல உக்காருவான்?"

எல்லாரும் தலை குனிந்துகொண்டார்கள். அப்பா எழுந்தார். போச்சுடா, கங்காணி செத்தார் என்று நினைத்தேன்.

அப்பா கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு பாறையைத் தொட்டுக் காட்டினார். "இங்கதான். புழு குத்தத் தெரியாது அவனுக்கு. வெரல்லதான் குத்திக்குவான்" என்றார்.

பிறகு இருட்டும்வரை அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கோப்பி ஆறிப்போனது. ஒருவரும் எழுந்து போகவில்லை.