ஏறாத ரயிலின் சீசன் டிக்கெட்

எங்கள் மேலாளருக்கு மாதம் ஒரு சீசன் டிக்கெட் தபாலில் வரும். தடித்த காகிதம், ஜப்பானிய எழுத்து, மூலையில் சிவப்பு முத்திரை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கிளையில் நான் தட்டச்சு வேலை பார்த்தேன். தபால் பிரித்துக் கொடுப்பதும் என் வேலைதான். ஆனாலும் அந்த டிக்கெட் எதற்கென்று கேட்க எனக்கு அரை வருடம் பிடித்தது.

அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். ஜப்பானில் அவருடைய ஊர் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே போக ஒரு சின்னத் தனியார் ரயில்பாதை. ஒற்றைப் பெட்டிதான் ஓடும். பள்ளிப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் விட்டால் ஏற ஆளில்லை. பாதையை மூடிவிட்டு பஸ் விடப்போவதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. பனிக்காலத்தில் அந்த மலை வீதியில் பஸ் நாள்கணக்காக நின்றுவிடும். தனியாக இருந்த அவருடைய தாய்க்கோ வாரம் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஊர்க்காரர் கூடிப் பேசி, பாதையைக் காப்பாற்ற கார் வைத்திருப்பவர்கூட சீசன் டிக்கெட் எடுப்பதென்று முடிவுசெய்தார்கள். இவர் லண்டனில் இருந்துகொண்டு எடுத்தார்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "இஞ்சேரும், ஏறாத ரயிலுக்கும் ஆராவது சீசன் டிக்கெட் எடுப்பினமோ?"

"அவர் எடுக்கிறார். தாய் ஆஸ்பத்திரிக்குப் போக வேற வழியில்லையாம்."

கணவரின் சிரிப்பு நின்றுவிட்டது. போரினால் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றுபோய் அப்போது அதிக காலம் ஆகவில்லை. என் மாமியார் அங்கேதான் இருந்தார்.

"அந்த ரயிலாவது ஓடட்டும்" என்றார் கணவர்.

கம்பெனியும் ஊர்ச்சபைகளும் கூடி முடிவெடுக்கும் நாள் வந்தது. அன்று காலை மேலாளர் எனக்கு முன்பே வந்து ஃபாக்ஸ் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். பிறகு ஒரு கூட்டத்துக்காக மனமில்லாமல் போனார். அவர் போன பிறகுதான் தாள் வந்தது. அதில் ஓர் எழுத்தும் எனக்கு விளங்கவில்லை. நல்லதா கெட்டதா என்று தெரியாமலே கொண்டுபோய்க் கூட்ட அறைக் கதவைத் தட்டினேன். வெளியே வந்து படித்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"ஓடும்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஊர்ச்சபைகள் பங்கு எடுத்து நடத்தப்போகின்றன."

உடனே தாயைத் தொலைபேசியில் அழைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே சிரிக்கத் தொடங்கினார். தாய்க்கு முன்பே தெரியுமாம். அங்கே அப்போது இரவாகியிருந்தது. மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, ஓட்டுநரே பெட்டிக்குள் வந்து செய்தியைச் சொல்லியிருக்கிறார். கிழவிகள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியதில் ரயில் நான்கு நிமிடம் பிந்திப் புறப்பட்டதாம். அதற்காக ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி மன்னிப்பும் கேட்டாராம்.

இப்போதெல்லாம் ரயில் ஐந்து நிமிடம் பிந்தினாலே நானும் மற்றவர்களைப் போல முணுமுணுக்கிறேன். ஆனால் அன்று மாலை வீடு திரும்பும்போது எங்கள் ரயில் சுரங்கத்துக்குள் அரை மணி நேரம் அசையாமல் நின்றது. ஏனென்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டு இருந்தேன்.