தெபால்தோ முடிக்க மறுத்த பவானா

எங்கள் அரண்மனையில் தெபால்தோவை மனுஷனாக மதித்தவர்கள் நாங்கள் நாலு பேர்தான். அவனோடு சேர்த்து ஐந்து பேர் கொண்ட தந்தி வாத்தியக் குழு எங்களுடையது. அவன் வாசித்தது ஆளுயரப் பெரிய வியோலா. ஆட்டுக்குடலை முறுக்கித் தந்தி செய்கிறவரின் மகன். இருபத்திரண்டு வருஷம் வாசித்த பிறகும் வேட்டை நாய்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் அவனுக்குச் சோறு போட்டார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவன் ஒரு பவானா அமைத்தான். பிரபுக்கள் ஜோடி ஜோடியாக, அந்தஸ்து வரிசைப்படி, அடிமேல் அடிவைத்து மண்டபத்தைச் சுற்றி வர வாசிக்கிற மெதுவான இசை. முதல்முறை வாசித்தபோது நான் அழுதேன். கோமகனின் மகள் கல்யாணத்துக்கு அதுதான் என்று முடிவாயிற்று.

கல்யாணத்தன்று காலை நடன ஆசான் லத்தான்சியோ வந்தார்.

"இந்தப் பவானாவுக்குச் சபையில என் பேரைத்தான் சொல்லுவாங்க. வெனிஸ் அச்சுக்கூடத்துக்கும் என் பேர்லதான் போவுது."

"ஐயா, அது நான் போட்டதுங்க. வேற ஒண்ணும் வேணாம், பேரை மட்டும் சொல்லச் சொல்லுங்க."

"குடல் முறுக்குறவன் மவன் பேரையா? சிரிப்பாங்கய்யா. போய் சுருதி கூட்டு."

உழுதவன் ஒருத்தன், அறுத்துக்கொண்டு போகிறவன் ஒருத்தன். திருட்டிலும் என்ன திமிர்!

மாலையில் லத்தான்சியோ போட்ட பவானா என்று சபையில் அறிவித்ததும், கோமகன் சம்பந்தியம்மாள் கையைப் பிடித்து முதல் ஜோடியாக நடந்தார். பவானாவை முடிப்பது பெரிய வியோலாதான். அது கடைசிச் சுரத்தை இழுத்து நிறுத்தினால்தான் எல்லோரும் வணங்கிக் கலையலாம். இசை ஓடும்போது வரிசையை விட்டால் சம்பந்தி வீட்டுக்கே அவமானம்.

முடிக்க வேண்டிய இடம் வந்தது. தெபால்தோ முடிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"டேய், என்னடா பண்ற?" என்றேன் வில்லை நிறுத்தாமல்.

"அவரு பாட்டுதானே? அவரே வந்து முடிக்கட்டும்."

அவனைத் தனியாக விட எங்களுக்கு மனசு வரவில்லை. நாங்களும் வாசித்தோம். சுற்றுக்கு மேல் சுற்று. கோமகனுக்குக் கால் பெருவிரலில் வாதம். முகம் சிவந்து வீங்கிவிட்டது. தூணோரம் நின்ற லத்தான்சியோ, "முடிடா பாவி, முடி!" என்று பல்லைக் கடித்தார். கடைசியில் கோமகன் தடுக்கி, சம்பந்தியம்மாள் மேலேயே சாய்ந்தார். அப்போதுதான் தெபால்தோ முடித்தான்.

"எவன்டா இந்த எழவைப் போட்டது?" என்று கத்தினார் கோமகன்.

எல்லாக் கண்ணும் லத்தான்சியோ மேல் திரும்பியது.

"நான் இல்லீங்க பிரபு! கர்த்தர் மேல சத்தியமா ஒரு சுரம்கூட என்னுது இல்லீங்க! முழுக்க இந்தத் தெபால்தோ போட்டது!"

"ஆமாங்க பிரபு, நான்தான்" என்று தெபால்தோ எழுந்து நின்றான்.

மறுநாள் காலை அவனை ஊரைவிட்டு விரட்டினார்கள். வியோலா அரண்மனைச் சொத்தாம், அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். நகர வாசலில் வெறுங்கையோடு நின்றவனைப் பார்த்து எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

"எதுக்குடா அழுவுற?" என்றான். "முந்நூறு பேர் முன்னால சத்தியம் பண்ணிட்டாருடா. இனிமே அதை எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வெனிஸுக்கு அனுப்புவாரு?"